பந்துகளின் மேல் இறங்கிய விமானம்

அப்பா வடக்கே புது பிளான்ட்டுக்கு மாற்றலாகிப் போன பிறகு, ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு டென்னிஸ் பந்து வாங்கி வருவார். நான் கேட்டதில்லை. அதை வைத்து விளையாடியதும் இல்லை. ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் என் வயதில் வேறு யாரும் கிடையாது. பந்து வந்த அன்றே கறுப்பு மார்க்கரால் அதன்மேல் தேதி எழுதி, அரிசி டின்னுக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் போட்டுவைப்பேன். எதற்கும் தேதி குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் தொடங்கியது, இன்றுவரை விடவில்லை. நான் சொல்லும் காலத்தில் கூடையில் ஆறு பந்துகள் இருந்தன. ஆறாவது பொங்கலுக்கு வந்தது. சித்திரைக்கும் ஆடிக்கும் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

பள்ளி விட்டு வந்தால், கம்பெனி பஸ்ஸில் அம்மா வந்து இறங்கும்வரை வீட்டில் நான் மட்டும்தான். சுற்றிலும் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் தூங்குவார்கள் என்பதால் சத்தம் போடக்கூடாது. கூடையைக் கவிழ்த்துப் பந்துகளைத் தேதி வரிசையில் அடுக்குவேன். அடுக்கி முடித்ததும் திரும்பக் கூடையில் போடுவேன். அப்பாவின் போன் வந்தால் அம்மா அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவாள். இறங்கி வரும்போது சார்ஜ் தீர்ந்துவிட்டது என்பாள். அந்தப் போன் அடிக்கடி சார்ஜ் தீர்ந்துபோகும் போன்.

எங்களுக்கு ஊரில் இருந்த ஒரே உறவு மாமா, அம்மாவின் தம்பி. பைக்குகளுக்கு ஷாக் அப்சார்பர் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. மீதி நேரத்தில், தேன்கனிக்கோட்டை ரோட்டில் வாடகைக்கு எடுத்த தகர ஷெட்டில், என்ஜின் இல்லாத விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கயிறு கட்டி இழுத்தால் பட்டம் மாதிரி மேலே போகும், கயிற்றை விட்டால் சறுக்கிக்கொண்டு இறங்கும் என்பார். பெண் பார்க்கப் போகும் வீடுகளில் மாப்பிள்ளையின் குணங்களைச் சொல்லிக்கொண்டே வரும் அம்மா, இதை மட்டும் சொல்லமாட்டாள்.

இறக்கை முடிந்துவிட்டது. இறங்குவதுதான் சிக்கல். அதற்குச் சக்கரம் கிடையாது. வயிற்றுக்கு அடியில் முனை வளைந்த நீளமான சறுக்குக்கட்டை மட்டும். கட்டைக்கும் விமானத்தின் உடம்புக்கும் நடுவே அதிர்வை வாங்க ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விழுகிற அடி உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்புக்குத்தான். மாமாவும் அவரோடு விமானம் கட்டிய கூட்டாளிகளும் கம்பெனியில் ஒரே லைனில் வேலை செய்பவர்கள் என்பதால் யோசனைக்கு இடமே இருக்கவில்லை. பைக் ஷாக் அப்சார்பர் நான்கைப் பொருத்தினார்கள். மாமாவின் எடைக்கு மணல் மூட்டையை இருக்கையில் கட்டி, செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியில் இடுப்புயரம் தூக்கி, விட்டார்கள். விமானம் விழுந்தது. விழுந்த வேகத்தில் எழும்பிச் சாய்ந்து, இறக்கை நுனியால் தகரச் சுவரைக் குத்தியது.

"நம்ம சரக்குடா. எப்படித் தூக்குது பாரு" என்றார் ஒரு கூட்டாளி.

"ரெண்டு ஆளு, ஒரு கேஸ் சிலிண்டரு, அதுக்கு மேல ஒரு கொழந்தைன்னு கணக்குப் போட்டு செஞ்சது. இந்த ஒல்லிக்குச்சிய ஒதச்சித்தான் தள்ளும்" என்று மாமா தலையைச் சொறிந்தார்.

அடுத்து லாரி டயரை வெட்டி அடுக்கினார்கள். எழும்பவில்லை. ஆனால் இருக்கைப் பலகை நடுவில் பிளந்துவிட்டது. பலகையை வந்து பார்த்த அம்மா, "இதுக்கு மேல நீ உக்காந்திருந்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போனாள்.

அந்த வாரம் ஒரு நாள் மாமா வீட்டுக்கு வந்தபோது நான் பந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் அந்தக் காலத்து ஆட்கள் கட்டைக்கு மேல் டென்னிஸ் பந்து வைத்ததாக அவர் எங்கோ படித்திருந்தாராம். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பந்தை அழுத்திப் பார்த்தார்.

"பாப்பா, இந்த ஆறையும் எனக்குக் குடுப்பியா?"

"எதுக்கு?"

"நான் மேலருந்து வந்து உக்காரணும். இதுங்க என்னத் தாங்கணும்."

"அப்பா வந்து கேட்டா?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "குடுத்துரு" என்றாள்.

பந்துகள் தேதி வரிசையில்தான் இருக்க வேண்டும், தேதி வெளியே தெரிய வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் வைத்தேன். மாமா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். கட்டையில் கிண்ணம்போலக் குடைந்து, பந்துகளை உட்கார்த்தி, தேதிகளை மறைக்காமல் கான்வாஸ் பட்டை கட்டினார். இந்த முறை மணல் மூட்டையோடு விட்டபோது, யாரோ மெத்தையில் உட்கார்ந்ததுபோல ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

புரட்டாசியில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுமனைக்காகச் சமன்படுத்திய லேஅவுட் ஒன்றில், நம்பர் கற்களுக்கு நடுவே நேராகக் கிடந்த செம்மண் பாதைக்கு விமானத்தைக் கொண்டுபோனார்கள். எலுமிச்சம்பழம் இல்லாமல் வண்டி நகரக்கூடாது என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். சக்கரம் இல்லாத வண்டிக்கு எங்கே வைப்பது? கட்டையின் மூக்குக்கு முன்னால் வைத்தார்கள். பிக்கப் வண்டி இழுத்ததும் பழம் நசுங்காமல் மண்ணோடு முன்னால் உருண்டுகொண்டே போனது. வண்டியை நிறுத்தச் சொல்லி, வைத்தவரே ஓடிப்போய்க் காலால் மிதித்துவிட்டு வந்தார். "ஆய்த்து, ஹோகு குரு" என்று, ஆச்சு, போ என்பதைத் தன் பாஷையில் சொன்னார் தளிப் பக்கத்துக் கன்னடக் கூட்டாளி.

கட்டை மண்ணை உரசும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. மாமா கரண்ட் கம்பத்தின் உயரத்தில் இருந்தார். கயிறு கழன்று விழுந்தது. அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடி வலித்தது. விமானம் தாழ்ந்து, பாதை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் உட்கார்ந்து, புழுதி கிளப்பிக்கொண்டு போய், ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மாமா இறங்கி இரண்டு முறை குதித்துக் காட்டினார். அம்மா ஒரு நம்பர் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் மாமாவிடம் ஓடினார்கள். நான் கட்டையிடம் ஓடினேன். மூன்றாவது பந்தும் ஆறாவது பந்தும் பிளந்திருந்தன.

"மாமா, ரெண்டு ஒடஞ்சிருச்சி."

"அதுங்க ஒடஞ்சதால என் இடுப்பு ஒடயல, பாப்பா."

அவருக்கு இரண்டு பந்து குறைகிறதே என்பதுதான் என் கவலை. "அப்பா தீபாவளிக்கு வருவாரு. அப்ப ஒண்ணு தரேன். இன்னொண்ணுக்குப் பொங்கல் வரைக்கும் இரு" என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்த கூட்டாளிகள் என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்கள். ஒருவர் கயிற்றைச் சுருட்டப் போனார். "சரி பாப்பா. இருக்கறேன்" என்றார் மாமா.

அந்த வாரத்திலேயே ஒரு மாலை, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மாவின் கையில் காகிதப் பை இருந்தது. உள்ளே இரண்டு புதுப் பந்துகள். மாமா கொண்டுபோகட்டும் என்று மேசைமேல் வைத்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. காத்திருப்பதாக மாமா ஒப்புக்கொண்ட பிறகு இவள் ஏன் அவசரப்படுகிறாள்? தீபாவளி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது, ஷிஃப்ட் கணக்கிலேயே வாரத்தை ஓட்டும் அவளுக்குத் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். சுவரிலிருந்து மாதக் காலண்டரைக் கழற்றி அவள் மடியில் விரித்து, அன்றைய கட்டத்திலிருந்து தீபாவளிவரை விரலை வைத்து நகர்த்திக் காட்டினேன். அம்மா என் விரல் கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.