நீட்டிய இடது கை

சாரணியர் சீருடையோடு பள்ளியிலிருந்து வந்த மகள், "அம்மா, எங்க வணக்கம் இப்படித்தான்" என்று இடது கையை நீட்டினாள். அடி விழப்போவதைப் போல நான் பின்வாங்கினேன்.

சுதந்திரத்துக்கு முந்தின வருஷம். செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் எங்கள் சாரணியர் படைக்கு உறுதிமொழி விழா. இடது கைதான் இதயத்துக்குப் பக்கம், கைகுலுக்க அதைத்தான் நீட்ட வேண்டும் என்று டீச்சர் பழக்கியிருந்தார். விருந்தாளியாக வந்த மணியக்காரர் என் முன்னால் வந்து நின்றதும் நீட்டிவிட்டேன். என் நைனா அவர் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவர்.

அறைந்த அறையில் வாயெல்லாம் ரத்தம் கரித்தது.

"எனக்கே பீச்சாங்கைய நீட்றியா?"

டீச்சர் சொன்ன விளக்கம் எதுவும் அந்தப் பாவியின் காதில் ஏறவில்லை. விழா பார்க்க வந்திருந்த நைனாவை அவருடைய ஆட்கள் புளியமரத்தடிக்கு இழுத்துப்போய்ச் சாட்டையால் விளாசினார்கள். தடுக்கத் தூக்கிய வலது கையில் தடியால் போட்டார்கள். எலும்பு முறிந்த சத்தம் எங்கள் வரிசை முழுக்கக் கேட்டது.

அவர்கள் போனபின் என் கழுத்துத் துணியை அவிழ்த்து, டீச்சர் கற்றுத்தந்த முடிச்சைப் போட்டு, அந்தக் கையை நைனாவின் கழுத்தோடு தொங்கக் கட்டினேன்.

"இனிமே நான் இதுக்கெல்லாம் போவல நைனா."

"இன்னாத்துக்கு? நீ போ" என்றார். வலியில் பல்லைக் கடித்தபடி, தன் இடது கையை எனக்கு நீட்டினார்.

மகள் இன்னும் கையை நீட்டியபடியே நின்றாள். என் இடது கையைக் கொடுத்தேன்.

"நல்லா இறுக்கிப் புடிடி."