வெள்ளிக்கிழமை வான்

வான் வண்டியில் சாமான் ஏற்றி விற்கிறவனுக்குப் போகும்போது அரிசி மூட்டை பாரம், திரும்பும்போது "பிறகு தாறன் அண்ணை" என்ற சொல் பாரம். சொந்தத் தொழில் என்று சொல்லிக்கொண்டு சொந்தக் கடனில் கழுத்துவரை நின்றவர்கள் இதை வாசித்தால் தலையை ஆட்டுவீர்கள். மற்றவர்கள் சிரியுங்கள், பரவாயில்லை.

நான் இலங்கைக் கலவரத்துக்குக் கொஞ்சம் முந்தியே ஜெர்மனிக்கு வந்துவிட்டவன். ஹம் நகரில் தொழிற்சாலை வேலை, கையில் விசா. எண்பத்துமூன்றுக்குப் பிறகு எங்கள் பெடியள் கூட்டம் கூட்டமாக வந்து அகதி விடுதிகளில் இறங்கினார்கள். அவர்களுக்கு மிளகாய்த்தூள் இல்லை, கருவாடு இல்லை, முருங்கைக்காய் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இந்தக் கணக்கு மட்டும் உடனே விளங்கியது. தொழிற்சாலையை விட்டேன். வங்கிக் கடனில் ஒரு பழைய வான் வாங்கினேன். மொத்தவியாபாரியிடம் கடனுக்கு அரிசியும் தூளும். போதாததற்கு மனைவியின் தமையன், வுப்பர்டாலில் இருக்கும் குலம் மச்சானிடம் கைமாற்று. ஆக, அந்த வானில் எனக்குச் சொந்தம் என்று சொல்ல முன்கண்ணாடியில் தொங்கிய பிள்ளையார் மட்டும்தான்.

விளக்கு வைத்தாயிற்று

மரக்கறி ஒல்லாந்திலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து சேரும். பச்சைச் சாமானைப் பச்சையாகக் கொடுக்கவேண்டும் என்று அன்று பின்னேரமே வானை எடுத்துக்கொண்டு விடுதி விடுதியாகப் போவேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபிறகு வீட்டிலிருந்து காசு வெளியே போகக்கூடாது, லட்சுமி போய்விடுவாள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெடியளுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. குளிர்காலத்தில் நாலரைக்கே இருட்டிவிடும். ஒரு மின்குமிழைப் போட்டுவிட்டு "விளக்கு வைச்சாச்சு அண்ணை" என்பார்கள். கோடையில் இரவு பத்து மணிவரை வெயில். அப்போது திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு மின்குமிழைப் போடுவார்கள். நானும் அதை நம்புகிறவன். கொண்டுவா காசை என்று எப்படிக் கேட்பது?

அவர்களில் அன்ரன் என்று ஒருவன். கழுத்தில் சிலுவை, சுவரில் மாதா படம். அவனும் ஒரு மூட்டை அரிசியைத் தோளில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை என்றான். "டேய், நீ வேதக்காரன் எல்லே?" என்று கேட்டேன். மூட்டையை இறக்காமலே திரும்பிப் பார்த்து, மிகவும் பணிவாகச் சொன்னான்:

"நான் வேதக்காரன் எண்டாலும் உங்கட சமயத்தை மதிக்கவேணுமெல்லே அண்ணை."

இதைச் சொன்ன அன்ரனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள். நான் இன்னும் அவனுக்கு மன்னிப்புக் கொடுக்கவில்லை.

கழுகு முத்திரை

மொத்தவியாபாரிக்குக் காசு போகவில்லை. அவன் நீதிமன்றத்துக்குப் போனான். ஒருநாள் காலமை கைப்பையோடு ஒரு மனிதர் கதவைத் தட்டினார். கடனுக்குப் பதிலாக வீட்டுச் சாமானை முத்திரையிட வந்த அதிகாரி. எனக்கு ஓடி ஒளிக்கத்தான் தோன்றியது. என் மனைவி ராசமணிக்கோ, அடுப்பில் வடை பொரிந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலை மிதித்தவர் எதற்காக வந்தாலும் தேத்தண்ணி குடிக்காமல் போனதில்லை. அந்த மனிதர் ஒரு வடை சாப்பிட்டார். இரண்டாவது வடையையும் சாப்பிட்டார். பிறகு கையைத் துடைத்துவிட்டு, மிகவும் மனவருத்தத்தோடு எங்கள் வீடியோ டெக்கில் கழுகுப் படம் போட்ட முத்திரையை ஒட்டினார். வடை நல்லது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்தக் கிழமையே, எங்கள் வீட்டில் படம் பார்க்கலாம் என்று அன்ரன் வந்தான். டெக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கழுகைத் தடவியும் பார்த்தான். அரசாங்கம் தரம் பார்த்துக் கொடுத்த முத்திரை என்று நினைத்துவிட்டான். கேட்டான்:

"அண்ணை, இதுக்கு எங்க விண்ணப்பிக்கிறது? என்ர டெக்குக்கும் ஒண்டு வேணும்."

தொழிலா, தர்மமா?

டெக் போனால் போகட்டும். அடுத்து வங்கியிலிருந்து கடிதம் வந்தது. இந்த மாதத் தவணையும் வராவிட்டால் வானை எடுத்துக்கொள்வார்களாம். வான் போனால் தொழில் இல்லை. என் வயதுக்குத் தொழிற்சாலையிலும் திரும்ப எடுக்கமாட்டார்கள். ராசமணி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தவள். அங்கே கூட வேலை செய்த ஒரு ஜெர்மன்காரி, கடன்பட்டவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். டெர்மின், அதாவது சந்திக்க நாளும் நேரமும், எடுத்துக்கொண்டு போனோம். எனக்கு ஜெர்மன் மொழி "எவ்வளவு", "நாளைக்கு" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். மொழிபெயர்த்தவள் ராசமணி.

அங்கே இருந்தவர் ஃபிராவ் பெக்கர். கண்ணாடி போட்ட, உயரமான பெண்மணி. முதலே சொல்லிவிட்டார்: சம்பளக்காரருக்குத்தான் உதவி, சொந்தத் தொழில் செய்கிறவர்களை அந்த அலுவலகம் எடுப்பதில்லையாம். நான் எழும்பிவிட்டேன். எனக்கு ரோசம் அதிகம். ராசமணி எழும்பவில்லை. அவள் என்னவோ நீளமாகச் சொன்னாள். ஃபிராவ் பெக்கர் மேசையில் கையை அடித்துச் சிரித்துவிட்டு, என்னை இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். வானை இப்போதைக்கு எடுக்கவேண்டாம் என்று வங்கிக்கு அப்போதே ஒரு கடிதமும் போட்டார். வெளியில் வந்தபிறகுதான் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"இவர் தொழில் செய்யிறார் எண்டு ஆர் சொன்னது, இவர் தர்மமெல்லோ செய்யிறார் எண்டு சொன்னனான்."

யாருக்கு முதலில்?

அடுத்த டெர்மினில் ஃபிராவ் பெக்கர் கேட்டார்: கையில் கொஞ்சம் காசு வந்தால் முதலில் யாருக்குக் கொடுப்பீர்கள்? நான் யோசிக்காமல் சொன்னேன், குலம் மச்சானுக்கு. ஏன் என்று கேட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வுப்பர்டாலில் ஒரு கலியாணவீடு. பந்தியில் எனக்கு நேரே இருந்த குலம் மச்சான், கையில் பாயாசத்தை வைத்துக்கொண்டு, சபைக்கே கேட்கிற மாதிரி, "எங்கட மச்சான்ர வேட்டியும் தவணைக் காசிலதான், பார்த்து இருங்கோ, வந்து உருவிக்கொண்டு போயிடுவாங்கள்" என்றார். சபை சிரித்தது. அன்றிலிருந்து அவரோடு கதை இல்லை. ஆனால் மாதா மாதம் காசு மட்டும் கடித உறையில் போய்ச் சேர்ந்துவிடும். மொத்தவியாபாரிக்கு இரண்டாமிடம். வங்கிக்கு, மிஞ்சினால். வங்கி என்ன, கலியாணவீட்டுக்கு வந்து என்னைப் பந்தியில் வைத்துக் கேட்கப்போகிறதா?

ராசமணி இதை முழுக்க மொழிபெயர்த்தாள், வேட்டி உட்பட. ஃபிராவ் பெக்கர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"வங்கி கலியாணத்துக்கு வராது. வானுக்கு வரும்."

வெங்காயத்துக்கு நடுவில் ஒரு பெண்மணி

சாமான் விற்கிறது, காசு மட்டும் வரவில்லை, இது என்ன அதிசயம் என்று அவருக்கு ஆறவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தானும் வாறேன் என்று வந்து வானில் ஏறிவிட்டார். முன்சீட்டில் ராசமணியும் அவரும். காலுக்கிடையில் வெங்காயச் சாக்கு, மடியில் முருங்கைக்காய்க் கட்டு. அது கோடைகாலம். விடுதி முற்றத்தில் வெயில் பளீரென்று அடிக்கிறது. எங்கள் வான் உள்ளே திரும்பியதுதான் தாமதம், மேல்மாடி யன்னல்களில் திரைச்சீலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரசரவென்று மூடிக்கொண்டன.

ஃபிராவ் பெக்கர் பயந்துவிட்டார். "ஏதும் பிரச்சினையோ? ஏன் ஒளிக்கிறார்கள்?" என்று கேட்டார். ராசமணி விளக்கினாள். லட்சுமி, விளக்கு, வெள்ளிக்கிழமை எல்லாம். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. கொஞ்ச நேரம் முருங்கைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி: சனிக்கிழமை காலையில் கொடுத்தால் அந்தத் தெய்வம் கோபிக்குமா? இல்லை என்றேன். அப்படியென்றால் ஏன் வெள்ளிக்கிழமை போகிறீர்கள்? கறிவேப்பிலை வாடிவிடுமே என்றேன். அதற்கு அந்த மனுசி சொன்னதை ராசமணி இரண்டுதரம் மொழிபெயர்த்தாள். இரண்டாவது தரம் தன் சந்தோசத்துக்காக:

"கறிவேப்பிலை ஒரு இரவு பொறுக்கும். வங்கி பொறுக்காது."

எத்தனை பேர் என் வானில் சாமான் வாங்கினார்கள், எத்தனை பேர் புத்தி சொன்னார்கள்! போகிற நாளை மாற்று என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்கு அது தோன்றாது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் என்று இருந்துவிட்டோம்.

சனிக்கிழமை காலமை

முதல் சனிக்கிழமை, பெடியள் நித்திரைப் பாயில் இருக்கும்போதே வானின் ஹோர்னை அடித்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். எங்கும் வெளிச்சம். மூடுவதற்குத் திரைச்சீலை முற்றத்தில் இல்லை. ராசமணிக்குச் சனிக்கிழமை வேலை இல்லாதபடியால் கூட வந்து, காசு வாங்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். ஒருவன் காற்சட்டையின் பின்பக்கப் பையைத் தேடினான், இன்னொருவன் கூட்டாளியிடம் கைமாற்று வாங்கினான். காசு வந்தது, ஐயா! நெத்தலிக் கருவாட்டு வாசத்தோடு காசு வந்தது. எனக்கு வானுக்குப் பின்னால் போய் நின்று சிரிக்கவேண்டியதாயிற்று.

அன்ரன் மட்டும் விடவில்லை. "சனிக்கிழமை காசு குடுத்தால் சனி பிடிக்கும் எண்டு சொல்லுவினம் அக்கா" என்று தொடங்கினான். ராசமணி அவன் கையிலிருந்த தேங்காயைத் திருப்பி வாங்கி வானுக்குள் வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சனி பிடிச்சால் நான் பொறுப்பு, தம்பி. அவரைத்தான் இவ்வளவு காலமும் நான் சமாளிக்கிறன். காசை எடும்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இருந்தும் அன்று எனக்குக் கோபம் வரவில்லை. பழைய பாக்கியும் சேர்த்துக் கொடுத்தானே.

மச்சானின் கையெழுத்து

சில மாதம் இப்படி ஓடியபிறகு ஃபிராவ் பெக்கர் எங்களைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனார். வானை விட்டுவைக்கிறோம், தவணையையும் குறைக்கிறோம் என்றார்கள். ஒரு நிபந்தனை: மற்றக் கடன்காரர் இருவரும் பொறுத்திருக்கிறோம் என்று எழுதித் தரவேண்டும். மொத்தவியாபாரி உடனே எழுதினான். இப்போது நான் கைக்காசுக்குச் சாமான் எடுக்கிறவன், அவனுக்கு நான் மாப்பிள்ளை மாதிரி. மிச்சம் குலம் மச்சான். அவர் மாட்டேன் என்றால் வான் போய்விடும்.

ரயிலில் வுப்பர்டால் போனோம். வழிமுழுக்க ராசமணி, "வேட்டிக் கதை எடுக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றாள். நான் எடுக்கவில்லை. கதிரை நுனியில் இருந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "மச்சான், இனி உங்கட காசு கடைசியாத்தான் வரும்" என்றேன். அந்த ஒரு வசனத்துக்கு என் ரோசம் முழுவதும் செலவாகிவிட்டது.

மச்சான் பழைய கார் வாங்கித் திருத்தி விற்கிற ஆள். எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார், உள்ளே இருந்த ராசமணியின் அம்மா, என் மாமி, கேட்கக்கூடாது என்று. பத்திரத்தை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். பேனாவை மூடினார். பிறகு என் பக்கம் குனிந்து, சபைக்குக் கேட்கிற அந்தக் குரலை எங்கோ விட்டுவிட்டு, மெல்லக் கேட்டார்:

"மச்சான், நீ அனுப்புற காசில தானே நான் என்ர கடனைக் கட்டிக்கொண்டிருந்தனான். அந்த மனுசி கார் வியாபாரியளையும் எடுக்குமோ?"

விலாசத்தைக் கொடுத்தேன், டெர்மினும் எடுத்துக் கொடுத்தேன். கடன்களை எல்லாம் கட்டி முடித்துவிட்டேன், கோபங்களை மட்டும் சிறிய தவணையில் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.