சித்தப்பாவின் இடது கால்

எங்கள் சலவைக் கடையில் இஸ்திரி மேசைகள் இரண்டு. ஒன்றில் சித்தப்பா நிற்பார். இன்னொன்று அப்பாவுடையது, இருபத்திரண்டு வருடமாக அதில் யாரும் நிற்பதில்லை. ஆனாலும் கடை திறந்ததும் சித்தப்பா இரண்டு பெட்டிகளையும் சூடேற்றிவிடுவார். நடுநடுவே அந்தப் பக்கம் திரும்பாமலே, "அண்ணா, காலர்ல ஈரம் இருக்கு பாரு" என்பார். துணி மடித்துக் கட்டுவது என் வேலை. பட்டப்பகலில், வாசலில் ஆட்கள் நிற்கும்போதே எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும். வெறும் எரிச்சல்தான் என்று சொல்லிக்கொள்வேன். உண்மை அதுவல்ல. அந்த மேசையில் பெட்டியை வைக்கும் சத்தம் எனக்கும் கேட்டிருக்கிறது.

அப்பா இறந்தது அங்கேதான். கணுக்காலில் புடைத்திருந்த நரம்பு ஒருநாள் வெடித்து ரத்தம் பீய்ச்சியது. சித்தப்பா முழங்காலுக்கு மேலே கயிற்றால் கட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அப்போது பதினோரு வயது. கூடப் பிறந்தவரைக் காப்பாற்றத் துப்பில்லாத மனிதர் என்று சித்தப்பாமேல் எனக்கு உள்ளூரக் கோபம். ஒன்றிரண்டு முறை முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டேன். அவர் அடுத்த சட்டையை எடுத்து விரிப்பார்.

போன வருடம் அவருடைய இடது காலிலும் அதே புடைப்பு. முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாகச் சுருண்டு நெளிந்தது. கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்து, ஓயாமல் அரித்தது. தரதரவென்று இழுக்காத குறையாக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

"கால்ல இருக்கிற ரத்தம் மேல ஏறணும். திரும்பி இறங்காம இருக்க நரம்புக்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. உங்களுக்கு அதெல்லாம் சரியா மூடல. குடும்பத்துல இருந்தா வரும், நாள் முழுக்க நின்னா இன்னும் மோசமாகும்" என்றார் அவர். "காலைல கட்டில விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே இந்த இறுக்கமான சாக்ஸைப் போட்டுடணும். அடுத்த மாசம் கெட்டுப்போன நரம்ப உள்ளேருந்தே லேசர்ல சூடு வெச்சு மூடிடலாம். அன்னைக்கே நடந்து வீட்டுக்குப் போயிடலாம். துணைக்கு ஒருத்தர் வந்தா போதும்."

"நாம துணிக்கு வைக்கிறத இவங்க நரம்புக்கு வைக்கிறாங்க" என்று சித்தப்பா என் காதில் கிசுகிசுத்தார். எனக்குத் தெரிந்து அவர் அடித்த முதல் ஜோக்.

"ரத்தம் வந்தா என்ன பண்ணணும்னு சொல்றேன்" என்று டாக்டரம்மா தொடங்கும்போது, ஸ்கேன் சீட்டு வாங்க நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். திரும்பி வந்தால், சித்தப்பா பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. இனிமே நீ இங்க வர வேணாம்."

அவ்வளவுதான். லேசருக்குத் துணை வேண்டும். எங்களுக்கோ வேறு நாதி இல்லை. நான் வந்தால் தான் வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன். அந்தத் தேதி கடந்து போனது.

சாக்ஸையாவது ஒழுங்காகப் போட்டாரா? துவைத்துக் காய்ந்ததும் பெட்டியை எடுத்துத் தேய்த்தே விட்டார்! சுருக்கத்தோடு ஒரு துணியும் அவர் கையைத் தாண்டிப் போனதில்லையே. சூட்டில் ரப்பர் செத்து, சாக்ஸ் தொளதொளவென்று ஆகிவிட்டது. "இப்பதான் சுகமா இருக்கு, இறுக்கவே இல்ல" என்று அதையே மாட்டிக்கொண்டு திரிந்தார். தலையில் அடித்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை, அரிப்புத் தாங்காமல் சாக்ஸை இறக்கி, சட்டை மாட்டும் கம்பியால் சொறிந்தார். ரத்தம் சுவரில் தெறித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கயிற்றைத் தேடினேன்.

"கட்டாத!" என்று கத்தியபடி தரையில் மல்லாந்து படுத்தார். காலைத் தூக்கி மேசையில் சாய்த்தார். "துணிய மடிச்சு அந்த இடத்துலயே அமுக்கு. எடுத்து எடுத்துப் பாக்காத."

அமுக்கினேன். காலை உயர்த்தியதுமே வேகம் தணிந்தது. கால் மணி நேரத்தில் நின்றே போனது. இவ்வளவுதானா? இதற்கா அப்பா செத்தார்? ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லிவிட்டு, துணியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டேன்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டரம்மா அன்னைக்குச் சொன்னாங்க."

"அப்போ அப்பாவையும் இப்படிப் படுக்க வெச்சிருந்தா..."

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். "பொழைச்சிருப்பாரு. உட்கார வெச்சதுதான் தப்பு. கால் கீழ தொங்கினா ரத்தம் நிக்காதாம்."

"யாரு உட்கார வெச்சது?"

"நான்தான். வேற யாரு?"

பதில் பட்டென்று வந்தது. பொய். அப்பா இறந்த அன்று அவர் துணி கொடுக்க வெளியே போயிருந்தார். ஓடி வந்தபோது அப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கப்பா" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தது நான். டாக்டரம்மாவிடம் என்னை வரவிடாதது, இது என் காதில் விழாமல் இருக்கத்தான்.

"நீங்க அப்போ கடையிலயே இல்ல, சித்தப்பா."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "நீ அப்போ சின்னப் புள்ள. உனக்கென்ன ஞாபகம் இருக்கும்? நான்தான்."