விளம்பரத்துக்குக் கீழே

காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால், ஜெனல் டெர்வோ மறுபடி பேருந்தை எடுக்க மதியம் இரண்டாகும். மற்ற ஓட்டுனர்கள் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போடுவார்கள். ஜெனல் போகமாட்டாள். ஏழாம் எண் பேருந்தைப் பணிமனை முற்றத்தில் நிறுத்தி, ஹீட்டரை ஓடவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் ஒரு பலகையை வைத்துக்கொண்டு எழுதுவாள். இரண்டு குளிர்காலம் அப்படி எழுதித்தான் தன் புத்தகத்தை முடித்தாள். அப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது.

அமெரிக்காவின் வடக்கே, ஆல்டர் பே என்ற சின்ன ஊரின் மருத்துவமனையில் பிரசவப் பிரிவை மூடி நான்கு வருஷம் ஆகியிருந்தது. லாபம் வரவில்லையாம். அடுத்த பிரசவ அறை தொண்ணூற்றிரண்டு மைல் தள்ளி இருந்தது. ஜனவரியில் அந்தச் சாலையில் பனி வீசினால் வண்டியின் மூக்கே ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. நான்கு வருஷத்தில் பதினோரு பெண்கள் வழியிலேயே பெற்றார்கள். ஜெனல் அத்தனை பேர் வீட்டுக்கும் போய், சமையலறை மேஜையில் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வந்தாள். ஏழாம் அத்தியாயம் அவளுடைய சொந்த மகள் எய்லாவுடையது. அதை மட்டும் எழுத நான்கு மாதம் பிடித்தது.

பதிப்பகங்கள் பதில் போடவில்லை. பதில் போட்ட ஒன்றும், "உங்கள் வாசகர் வட்டம் சிறியது" என்றது. சரி, போங்கள் என்று ஜெனல் தானே புத்தகத்தை வெளியிட்டாள். இணையத்தில் யாராவது கேட்டால் ஒரு பிரதி அச்சடித்து அனுப்பும் ஏற்பாடு அது.

அவளுக்குப் பேரும் புகழும் வேண்டியிருக்கவில்லை. காலியாகக் கிடக்கும் பிரசவப் பிரிவை அலுவலக அறைகளாக மாற்றலாமா என்று மருத்துவமனை நிர்வாகக் குழு மார்ச் பதினான்காம் தேதி பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்போகிறது. செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. வேலை நேரத்தில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? போன தடவை ஐந்து பேர்தான் வந்தார்கள். "மக்களுக்கு அக்கறை இல்லை" என்று குறிப்பில் எழுதிவிட்டு எழுந்து போனார்கள். இந்தத் தடவை அப்படி எழுதவிடக் கூடாது. அதற்கு ஊர்க்காரர்கள் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும்.

ஊரில் பத்திரிகை நின்றுபோயிருந்தது. புத்தகக் கடை எப்போதுமே இருந்ததில்லை. ஆனால் பனி ஸ்கூட்டர் விற்பவரும் காணாமல்போன நாயைத் தேடுபவரும் ஒரே சமூக வலைத்தளத்தில்தான் நாள் முழுக்கக் கிடக்கிறார்கள். அங்கே விளம்பரம் போடுவதென்று முடிவாயிற்று. உதவிக்கு வந்தவள் ஜெனலின் நாத்தனார் பெவ். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். தானே செய்யும் மெழுகுவத்திகளை அதே தளத்தில் விளம்பரம் போட்டு விற்கிறாள்.

முதல் விளம்பரத்தை ஜெனலே எழுதினாள். "நம் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதை நிறுத்தினார்கள். அதன் பிறகு பதினோரு பெண்கள் நெடுஞ்சாலையில் பெற்றார்கள். அவர்கள் சொன்னது இந்தப் புத்தகம்." அவ்வளவுதான்.

பத்து நிமிஷத்தில் தளத்துக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது சமூகப் பிரச்சினை பற்றிய விளம்பரம், போடுகிறவர் யார் என்று நிரூபிக்க வேண்டும், வீட்டு விலாசத்துக்கு ஒரு ரகசிய எண் தபாலில் வரும் என்று பதில் வந்தது.

அந்த மாவட்டத்தில் பாதிப் பேருக்கு வீட்டுக்குத் தபால் வராது. தபால் நிலையத்தில் ஆளுக்கொரு பெட்டி உண்டு, போய் எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டி எண் கொடுத்தாள், செல்லாது என்றார்கள். வீட்டுச் சாலையின் பெயரைக் கொடுத்தாள், கடிதம் திரும்பிப் போய்விட்டது. இரண்டு வாரம் இதிலேயே போனது.

"முப்பது வருஷமா அந்த வீட்ல இருக்கேன்" என்று பெவ்விடம் கத்தினாள் ஜெனல். "வரி வாங்கத் தெரியுது, ஓட்டுக் கேட்டு வரத் தெரியுது. இவனுங்களுக்கு மட்டும் நான் இல்லாத ஆளா?"

"அங்க ஆளே இல்ல, வார்த்தையப் பாத்துத் தள்ளுற மிஷின்தான். அதுகிட்ட ஏன்டி சண்டை போடுற? அதுக்குப் புடிக்காத வார்த்தைய எடுத்துட்டா முடிஞ்சுது. மருத்துவமனை வேணாம். நிறுத்திட்டாங்கன்னு வேணாம். நெடுஞ்சாலையும் வேணாம்."

"அப்புறம் என்னதான் மிச்சம்?"

"குழந்தை" என்றாள் பெவ்.

இரண்டாவது விளம்பரத்தை பெவ்தான் செய்தாள். எங்கிருந்தோ எடுத்த ஒரு படம். ஒட்டுப்போட்டுத் தைத்த மெத்தென்ற போர்வை, அதற்கு வெளியே இரண்டு குட்டிக் கால்கள். "வடக்கின் பனியில் பிறந்த பதினோரு குழந்தைகள். மனதுக்கு இதமான தாய்மார் கதைகள்." அந்தப் படத்தை எடுக்கச் சொல்ல ஜெனல் வாயெடுத்தாள். ஆனால் நாள்காட்டியில் மூன்றே வாரம் மிச்சம் இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

இது இருபது நிமிஷத்தில் அனுமதியானது. உண்மையைச் சொன்னால் அடையாள அட்டை கேட்கிறார்கள், பசப்பினால் கதவைத் திறந்து விடுகிறார்கள். இதற்குப் பெயர் விதியாம்!

புத்தகம் விற்கவும் விற்றது. ஆனால் வாங்கியவர்கள் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் இருந்தார்கள். ஒரு வாரத்தில் அவர்களுடைய கோபமும் வந்து சேர்ந்தது. "மருமகளுக்குப் பரிசாக வாங்கினேன். மாசமாக இருக்கும் பெண்ணுக்குக் கொடுக்கிற புத்தகமா இது? ஒரு நட்சத்திரம்கூட அதிகம்." அந்த அம்மாள்மேல் ஜெனலுக்குக் கோபம் வரவில்லை. அவள் கேட்டதும் நியாயம்தானே.

"எனக்கு ஃபுளோரிடா வேணாம் பெவ். இந்த மாவட்டத்துக்குள்ள மட்டும் காட்டு."

"செலவு கூடும். ஒவ்வொரு ஆள் அமுக்குறதுக்கும் காசு."

"கூடட்டும்."

அதன் பிறகு விளம்பரம் அறுபது மைல் சுற்றுக்குள் மட்டும் வந்தது. முதலில் பார்த்தவன் ராய் சல்மி. பேருந்துப் பணிமனைக்குப் பக்கத்து முற்றத்தில் மாவட்டத்தின் பனி தள்ளும் லாரிகள் நிற்கும். அதில் ஒன்றை ஓட்டுகிறவன். நான்கு நாள் கழித்துக் காபி குவளையோடு ஏழாம் எண் பேருந்தின் கதவைத் தட்டினான்.

"ஒன்னோட விளம்பரம் தெனமும் வருது ஜெனல். பாத்த எடத்துல எல்லாம் அமுக்கி விட்டுடுறேன். நேத்து மட்டும் ஆறு தடவ."

"அட நாசமாப் போறவனே! நீ ஒவ்வொரு தடவ அமுக்கும்போதும் அந்தத் தளத்துக்காரன் எங்கிட்ட அரை டாலர் புடுங்குறான்டா!"

ராய் குவளையைக் கீழே வைத்தான். "ஒனக்குக் காசு வரும்னுல்ல நெனச்சேன்."

"வரும், வரும். வாங்கினாத்தான் வரும்."

"வாங்கிட்டேனே. மூணு வாங்கினேன்."

"மூணா? ஒண்ணாவது படிச்சியா?"

அவன் சன்னல் பக்கம் பார்த்தான். "ஆறாவது அத்தியாயம் வரைக்கும் படிச்சேன்" என்றான். ஜெனல் அவன் குவளையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

மறுநாள் எய்லா வந்தாள். கூட்டுறவுக் கடையில் கல்லாவில் இருக்கிறாள். கடைச் சட்டையோடு, தொப்பிகூட இல்லாமல், முற்றத்துப் பனியில் நடந்து வந்து பேருந்துப் படியில் ஏறி நின்றாள். கையில் போன்.

"அம்மா, இது என்ன?"

"எய்லா, உள்ள வா, குளுருது."

"இது என்னன்னு கேட்டேன். கடைக்கு வந்த பொம்பள ஒருத்தி இதக் காட்டி, 'அய்யோ எவ்ளோ அழகு, உங்க அம்மா எழுதினதா'ன்னு கேக்குறா. பதினோரு குழந்தை பொறந்துச்சாம். இதமான கதையாம். பொறந்தது பதினொண்ணுதான். வீட்டுக்குப் போனது பத்துதானேம்மா?"

ஜெனல் எழுதும் பலகையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"எம் பிள்ளைக்கு ஏதும்மா போர்வை? லாரிக்காரரோட கிரீஸ் புடிச்ச கோட்டுலதானே சுத்துனோம்? நீதானே சுத்துன! எழுதவும் செஞ்ச. உள்ள ஒண்ண எழுதிட்டு வெளியில இத எப்படிம்மா ஒட்டுன?"

"உண்மையப் போட விடமாட்டேங்குறாங்க எய்லா. ஜனங்க கூட்டத்துக்கு வரணும்னுதான்…"

"அப்ப நான் போடுறேன்."

படியில் நின்றபடியே எய்லா எழுதினாள். குளிரில் விரல் சிவந்திருந்தது. எழுதி முடித்ததும் போனை அம்மாவிடம் நீட்டினாள். விளம்பரத்துக்குக் கீழே, கருத்து எழுதும் இடத்தில் அது இருந்தது.

"ஏழாம் அத்தியாயம் நான்தான். நாற்பத்தோராம் மைல்கல் அருகே என் மகன் பிறந்தான். பனி தள்ளும் லாரிக்காரர் தன் கோட்டைக் கொடுத்தார். மகன் இருபது நிமிஷம் இருந்தான். படத்தில் இருக்கிற போர்வை பொய். பதினான்காம் தேதி காலை பத்தரைக்கு மருத்துவமனைக்கு வாருங்கள்."

அரை மணியில் பெவ் போன் செய்தாள். "அத மறைச்சிடு ஜெனல்! ஒரு பொத்தான்தான். மிஷின் கண்ணுல பட்டா விளம்பரத்தையே தூக்கிடுவான். கணக்கையும் பூட்டிடுவான்."

"எம் பொண்ணு எழுதுனத மறைக்கச் சொல்றியா?"

"நல்லதுக்குத்தான் சொல்றேன். இன்னும் ஒம்பது நாள் ஓடணும்ல?"

 போர்வைப் படத்துக்குத் தலையாட்டியதே போதும் என்று ஜெனலுக்குத் தோன்றியது. "நான் மறைக்கல" என்று சொல்லி போனை வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் அடுத்த கருத்து வந்தது. ஒரே வரி. "கோட் என்னுடையது. ராய் சல்மி." அதற்குக் கீழே புத்தகத்தில் உள்ள இன்னொரு பெண். அதற்கும் கீழே புத்தகத்தில் இல்லாத பெண்கள். வலி எடுக்கும் முன்பே போய் நகரத்து விடுதியில் இரண்டு வாரம் தங்கி, சேமிப்பையெல்லாம் கரைத்தவள். ஆம்புலன்ஸ் நகரத்து மருத்துவமனை வாசலைத் தொட்டதும் பெற்றவள். மனைவியின் கையைப் பிடிக்கவா, ஸ்டியரிங்கைப் பிடிக்கவா என்று தெரியாமல் அழுதுகொண்டே ஓட்டிய கணவன். மூன்றே நாளில் நூற்று நாற்பது பேர் எழுதினார்கள்.

நான்காம் நாள் விளம்பரம் போய்விட்டது. கணக்கும் போய்விட்டது. அனுமதியில்லாமல் சமூகப் பிரச்சினையைப் பேசியதாகக் காரணம் சொன்னார்கள். அந்த நூற்று நாற்பது பேர் எழுதியதும் சேர்ந்து அழிந்தது. மேல்முறையீடு செய்ய வீட்டு விலாசத்தை உறுதிப்படுத்தச் சொன்னார்கள்! ஜெனல் அதைப் படித்துவிட்டுப் பேருந்தின் சக்கரத்தை ஓங்கி உதைத்தாள். இரண்டு நாள் நொண்டினாள்.

பதினான்காம் தேதி நிர்வாகக் குழு இருபது நாற்காலி போட்டிருந்தது. பதினொரு மணிக்குள் தாழ்வாரம் நிரம்பி, வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். அலுவலகத்துக்கென்று வாங்கிய மேஜைகள் தாழ்வாரத்தில் அட்டைப்பெட்டிகளுக்குள் இருந்தன. குழந்தை வைத்திருந்தவர்கள் அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

பேசுகிறவர்கள் முதலில் பெயரும் விலாசமும் சொல்ல வேண்டும், ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றார் தலைவர். முதல் பெண் தபால் பெட்டி எண்ணைச் சொன்னாள்.

"பெட்டி எண் ஆகாதுங்க. வீட்டு விலாசம் வேணும்" என்றாள் குறிப்பெழுதும் பெண்.

ஜெனல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அதில் சந்தோஷம் இல்லை.

அடுத்தது எய்லா. மைக்கைப் பிடித்தாள். "எய்லா டெர்வோ. எம் பிள்ளையோட விலாசம் சொல்றேன், எழுதிக்கங்க. நாற்பத்தோராம் மைல்கல்."

குறிப்பெழுதும் பெண் தலைவரைப் பார்த்தாள். அவர் தன் காகிதங்களைப் புரட்டத் தொடங்கினார். அவள் எழுதிக்கொண்டாள். அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் வழியில் தங்கள் வண்டி நின்ற மைல்கல்லையே சொன்னார்கள். பதினெட்டு. அறுபத்து மூன்று. எண்பத்தெட்டு, நகரத்து விளக்குகள் தெரிகிற இடம்.

பேசுகிறவர்கள் வரிசையில் ஜெனலின் எண் எழுபத்தெட்டு. ஒன்றரை மணிக்கு எழுபத்தொன்றுதான் ஆகியிருந்தது. பள்ளிவிட்ட பிள்ளைகள் அவளுக்காகக் குளிரில் நிற்பார்கள். கையில் புத்தகத்தோடு எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"நீ போ" என்றான் ராய். "ஒன் எடத்துல நான் நிக்குறேன்."

"நீ என்னத்தடா பேசுவ?"

"எனக்குப் பேசத் தெரியாது. ஏழாவது அத்தியாயத்த வாசிக்குறேன்."

ஜெனல் புத்தகத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

குழு அன்று முடிவெடுக்கவில்லை. மேலும் ஆராய வேண்டுமாம். மே மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். பிரசவ அறை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. மேஜைப் பெட்டிகளையும் யாரும் பிரிக்கவில்லை. ராய் வாசித்ததை எய்லாதான் பிறகு அம்மாவிடம் சொன்னாள். இரண்டு நிமிஷம் ஆனதும் தலைவர் மணியை அடித்தாராம். மறுபடியும் அடித்தாராம். ராய் தலையை நிமிர்த்தவே இல்லையாம். கோட் வருகிற பக்கத்தைத் தாண்டி, அத்தியாயம் முடிகிற வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தானாம்.