அக்தமானின் நாலாவது கால்

செய்தி வந்தபோது காலை ஏழு மணி, நாய்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற நேரம். துய்ஷோன் பைக்கே ஓஷ் நகருக்குப் போகும் பேருந்திலேயே மாரடைப்பில் போய்விட்டார் என்றான் வாயிற்காவலன். "எந்தத் துய்ஷோன்?" என்று கேட்டேன். எங்கள் கிர்கிஸ் எல்லைச்சாவடியில் அந்தப் பெயருக்கு ஒரே ஆள்தான். படித்தவன் கேட்கிற கேள்வி.

அவர் நாய் பழக்குபவர்; வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் பைக்கே, அண்ணன். நான் நாய் மருத்துவன். அவருடைய நாய் அக்தமான், லாரியில் போதைப்பொருள் வாசனை பட்டால் படுத்துக் காட்டும். கொஞ்ச நாளாக வெறும் லாரிக்கும் படுத்தது. நான் இடுப்பைப் படமெடுத்து, ரத்தம் பார்த்து, பின்னங்கால் பலவீனம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். தேர்வில் தோற்றால் நாயைக் கழித்துவிடலாம் என்றார் தளபதி.

துய்ஷோன் பைக்கே என் அறைக்கு வந்தார்.

"டாக்டரே, அதோட இடுப்பு நல்லாத்தான் இருக்கு. என் நாக்குதான் சோம்பேறி."

படுக்கச் சொல்லும் ரஷ்யக் கட்டளை 'லெஜாத்'. அவர் முன்பாதியை விழுங்கி 'ஜாத்' என்றே பழக்கியிருந்தார். எங்கள் கிர்கிஸிலும் ஜாத் என்றால் படு. ஆனால் 'வந்துகொண்டிருக்கிறது' என்பதும் எங்களுக்குக் 'கெலெ ஜாத்தாத்'. லாரி வருது என்று யாராவது கத்தினால் போதும், அக்தமான் படுத்துவிடும்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே பைக்கே?"

"நீங்க மும்முரமா எழுதிட்டிருந்தீங்க. குறுக்க பேசலாமா?"

அதன்பின் தினமும், முழு வார்த்தைக்கு மட்டும் படுக்கப் பழக்கினார். நேற்று அதை நகம் வெட்டக் கொண்டுவந்தார். அவர் அதன் தலையை அணைத்துக் காதில் எதையோ முணுமுணுத்தால்தான் அது எனக்குக் கால் தரும். மூன்று கால் முடிந்தபோது பேருந்து ஹாரன் அடித்தது.

"பேரனைத் தொட்டில்ல போடறாங்க டாக்டரே. நாலாவதை வந்து பாத்துக்கலாம். அதுவரைக்கும் உங்க விரல் பத்திரம்."

இன்று மாலை வாயிற்காவலன் கத்தினான்: "துய்ஷோன் பைக்கே கெலெ ஜாத்தாத்!" உடலைச் சொந்த ஊரான இங்கேயே கொண்டுவந்தார்கள். எல்லோரும் அக்தமானைப் பார்த்தோம். அது படுக்கவில்லை. காதை நிமிர்த்தி, சாலையைப் பார்த்தபடி நின்றது.

"தேர்வுக்கு அனுப்புங்க" என்றார் தளபதி, என் பக்கம் திரும்பாமல். என் இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

பிறகு கத்தரியோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்ன முணுமுணுப்பார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் எனக்குத் தெரிந்த மருந்துப் பெயர்களை அதன் காதில் சொல்லிப் பார்த்தேன். காலை உள்ளே மடக்கிக்கொண்டது.

நாலாவது காலின் நகம் இன்னும் வெட்டவில்லை.