மக்காத மாந்தோல்

எண்பதுகளின் நடுவில் காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் கம்பெனியில் யார்டு சூப்பர்வைசராக இருந்தேன். விவசாய டிப்ளமா முடித்துவிட்டு வேலை இல்லாமல் திரிந்த எனக்கு அது பெரிய உத்தியோகம். சீசனில் மாம்பழம் லாரி லாரியாக வரும். கூழ் டின்னில் ஏறிப் போகும். தோலும் கொட்டையும் என் பொறுப்பு. கம்பெனிக்குப் பின்னால் அவை ஆள் உயரத்துக்குக் குவிந்து, புளித்து, ஈ மொய்த்துக் கிடந்தன. ஊர்க்காரர்கள் கேட்டில் வந்து சத்தம் போட்ட அன்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு நாள்ல யார்டு காலியா இருக்கணும். எங்க கொட்டுவியோ எனக்குத் தெரியாது."

கம்பெனியை ஒட்டி ஒரு அக்காவின் கொல்லை இருந்தது. கணவர் இறந்தபின் தனியாகவே பயிர் வைத்து வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களிடம் தமிழ். எங்கள் கேன்டீனுக்குக் காய்கறி கொடுப்பதும் அவர்தான். அந்த வாரம் தக்காளி நாற்று நட நிலத்தை உழுது வைத்திருந்தார். ஒரே ஒரு மாட்டின் சாணி அந்த நிலத்துக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். நேராக அவரிடம் போனேன்.

"அக்கா, மாந்தோல் நல்ல எரு. டிராக்டர்ல நானே கொண்டாந்து கொட்டறேன்."

"பச்சையாவே போடலாமா தம்பி? மக்க வெக்க வேணாமா?"

சரியான கேள்வி. குழி வெட்டி, தோலும் சாணியும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டு, நாலு மாதமாவது மக்கவிட வேண்டும் என்று பரீட்சையில் எழுதிப் பாஸானவன் நான்.

"உழுதுவுட்டா மண்ணுலயே மக்கிடும்க்கா. ஒடனே நடலாம்."

"நீ படிச்சவன். நீ சொன்னா சரி."

மறுநாள் மாலைக்குள் யார்டு சுத்தமாகிவிட்டது. மேனேஜர் என் முதுகைத் தட்டினார்.

நாற்று நட்ட ஒரு வாரத்தில் அக்கா என்னைக் கொல்லைக்கு அழைத்தார். செடிகள் மஞ்சளடித்துத் தலை சாய்ந்து நின்றன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன்; வேர் பழுப்பாக வெந்திருந்தது. மண்ணுக்குள் விரலை விட்டேன். சுட்டது.

"தண்ணி ஜாஸ்தி வுட்டுட்டேனா தம்பி?" என்று அவரே கேட்டார்.

தப்பிக்க ஒரு வழி கிடைத்துவிட்டது. "இருக்கும்க்கா. கொறச்சுப் பாருங்க."

அவர் தண்ணீரைக் குறைத்தார். மிச்சம் இருந்த செடிகளும் போயின.

அடுத்த மாதம், எங்கள் கம்பெனியில் பழம் நறுக்கும் வரிசையில் தினக்கூலிப் பெண்களோடு அவர் நின்றுகொண்டிருந்தார். மாம்பால் பட்டு நாலே நாளில் அவருடைய விரலிடுக்குகள் வெந்து புண்ணாகின. தேங்காயெண்ணெய் தடவித் துணியைச் சுற்றிக்கொண்டு நறுக்கினார். அவர் சீவிப் போட்ட தோல் கூடை கூடையாக என் யார்டுக்கு வந்தது. அந்த வரிசையைத் தாண்டும்போதெல்லாம் கையிலிருந்த பேப்பரைப் படிப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

தாங்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு அவர் கொல்லைக்குப் போனேன். "வேற ஒரு முறை இருக்குதுக்கா" என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேருமாகக் குழி வெட்டினோம். தோல், சாணி, மண், வேர்க்கடலைத் தொலி என்று அடுக்கி, தண்ணீர் தெளித்து மூடினோம். மாதம் ஒருமுறை போய்க் கிளறிவிட்டேன். மழைக்காலம் முடிந்து திறந்தபோது கறுப்பாக, உதிரியாக, மண் வாசனையோடு இருந்தது. அதைப் போட்டு அவர் கத்தரி வைத்தார். செடி இடுப்பளவு வளர்ந்து காய்த்தது.

முதல் பறிப்பில் ஒரு கூடையை எனக்கென்று கம்பெனிக்கே தூக்கி வந்தார். யார்டு ஆட்களிடம், "இந்தத் தம்பி இல்லன்னா நான் என்னா பண்ணியிருப்பேன்" என்றார். அவர்கள் சிரித்தபடி என்னைப் பார்த்தார்கள். அவரைத் தனியே கூப்பிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு நீங்க கேட்டதுதான் சரி. பச்சையா போட்டா செடி வெந்துடும்னு எனக்குத் தெரியும். யார்டு காலியாவணும்னுதான் அப்படிச் சொன்னேன்."

அவர் கூடையை இறக்கி வைத்தார்.

"சரி, கொட்டறதுக்காகப் பொய் சொன்ன. செடியப் பாக்க வந்தியே, அன்னிக்காச்சும் சொல்லியிருக்கலாமில்ல? பாதி நாத்தப் பிடுங்கி வரப்போரமா நட்டுப் பொழைக்க வெச்சிருப்பேனே. தண்ணியக் கொறச்சு நானே என் கையால சாவடிச்சேன்."

அதை நான் யோசித்ததே இல்லை. அத்தனை மாதமாக அவர் நிலத்தில் கொட்டிய லோடுகளை மட்டுமே மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கத்தரிக்காயை என் மேசைமேல் கொட்டிவிட்டு வெறும் கூடையோடு போனார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அன்று வீட்டில் அதைத்தான் குழம்பு வைத்தார்கள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், ருசியாக இருந்தது.

அடுத்த சீசனில் அக்கம்பக்கத்து விவசாயிகளும் தோல் கேட்டு வந்தார்கள். குழி வெட்டிக் காட்டாதவர்களுக்கு டிராக்டர் அனுப்பவில்லை. மேனேஜரிடம் திட்டு வாங்கினேன். அக்காவின் கொல்லைக்கும் லோடு போனது. குழிக்குள் விழும்வரை அவரே நின்று பார்த்தார். என்னிடமும் பேசினார், தேவைக்கு மட்டும். "இன்னும் ரெண்டு லோடு வேணும் சார்" என்பார்.

அதன்பின் ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். கிளம்புமுன் அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். களை வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "நல்லா இருங்க சார்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.