ஸ்டார்ட் ஆகாத வண்டியில் வந்த மாப்பிள்ளை

இன்று ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒருவர், பல நாள் நிறுத்தி வைத்திருந்த பழைய மோட்டார் சைக்கிளை வியர்க்க வியர்க்க உதைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில், எடப்பாடியில் எங்கள் வீட்டுக்கு என் வீட்டுக்காரர் பெண் பார்க்க வந்தார். வந்தவர் வாயே திறக்கவில்லை. வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடத் தீர்மானித்திருந்தேன்.

கிளம்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மாதக்கணக்கில் சும்மா நின்றதை அன்றுதான் வெளியே எடுத்தாராம். உதைத்து உதைத்துச் சட்டை நனைந்துவிட்டது. கடைசியில் பெட்ரோலில் நனைந்துபோன ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க, தொடைக்கத் துணி கெடைக்குமுங்களா?"

கொடுத்தேன்.

"அடுப்புல காட்டுனா ஈரம் போயிருமுங்களா?" என்று கேட்டேன்.

"போயிருமுங்க. ஆனா வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சுன்னா நான் கெளம்போணுமேங்க."

சொல்லிவிட்டு, காது சிவக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிளக்கை இடுக்கியில் பிடித்து, அவசரமே இல்லாமல் சூடு காட்டினேன். மாட்டி உதைத்ததும் வண்டி உறுமியது. அவர் முகம் வாடிப்போனது.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன்: "எனக்குச் சம்மதமுங்க."

இத்தனை வருஷத்தில் அதைவிட நல்ல வசனம் அவர் பேசியதில்லை. உங்கள் வீட்டுக்காரர்கள் எப்படி?